நேர் கிழக்கே ஒரு டெல்டா

உலக வரைபடத்தில் திருச்சியின் மேல் விரலை வைத்து, வடக்கோ தெற்கோ சாயாமல் நேர் கிழக்கே இழுத்துக்கொண்டு போங்கள். வங்கக் கடல், சின்ன அந்தமான், பர்மாவின் தென்கோடி, தாய்லாந்து வளைகுடா, கம்போடியாவின் ஓரம் என எல்லாவற்றையும் கடந்து விரல் போய்ச் சேரும் பெருநகரம் சைகோன். அதன் அரசாங்கப் பெயர் ஹோ சி மின் நகரம். ஊர்க்காரர்கள் இன்றும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு ஊரும் ஏறக்குறைய 10.8 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. நடுவே சுமார் 3,000 கிலோமீட்டர். அவர்களின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான்.

2023 நவம்பர் 2ஆம் தேதி வியட்ஜெட் நிறுவனம் சைகோனிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் விட்டது. அதற்கு முன்பு, திருச்சி விமான நிலையம் பெரும்பாலும் பிழைக்கப் போகிறவர்களின் நிலையமாகவே இருந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா என்று போகிறவர்களை வழியனுப்ப புதுக்கோட்டையிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் வேன் பிடித்து வந்து, கண்ணீரோடு திரும்பிப் போன குடும்பங்களை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. 2024 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்து, ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில் இன்று வேறொரு காட்சியும் தெரிகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள், தில்லைநகர் வியாபாரிகள், கல்யாணமான கையோடு கிளம்பும் இளசுகள் எல்லோரும் வேலைக்காகவும் உறவுக்காகவும் அல்லாமல், ஊர் பார்க்கவென்றே வரிசையில் நிற்கிறார்கள். விமானத்தில் உட்கார்ந்தால் ஐந்து மணி நேரத்துக்குள் சைகோன். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் சென்னை எழும்பூர் போய்ச் சேர எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு.

2019இல் வியட்நாமுக்குப் போன இந்தியர்கள் சுமார் 1.7 லட்சம் பேர். 2024இல் ஐந்து லட்சம். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா நாட்டவருக்கும் 90 நாள் மின்விசா கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர். ஒரு ரூபாய்க்கு முந்நூறு டாங் அளவில் கிடைப்பதால், கையில் லட்சக்கணக்கில் பணம் வைத்திருக்கும் சந்தோஷமும் உண்டு.

போய்வந்தவர்கள் என்ன பார்த்து வருகிறார்கள்? ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"வியட்நாம் எப்படி இருந்தது மாமா?"

"பேஷா இருந்தது. ரெண்டு கை தாங்கிண்டு நிக்கற பாலத்துல போட்டோ எடுத்துண்டோம். கடல் நடுவுல மலை மலையா நிக்கறதே, அங்க கப்பல்ல போனோம்."

"கிராமமெல்லாம் பார்த்தேளா?"

"ஒரு அரைநாள் ஆத்துல படகுல கூட்டிண்டு போனான். தேங்காய் மிட்டாய் பண்றதைக் காட்டினான். வந்துட்டோம்."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான சுற்றுலா நிறுவனங்களின் திட்டமே அப்படித்தான் இருக்கிறது. சைகோனில் ஒரு சுற்று, டா நாங் நகருக்கு மேலே பா நா மலையில் 2018இல் திறந்த அந்தத் தங்கப் பாலம், ஹோய் ஆன் விளக்குகள், ஹனோய், ஹா லாங் விரிகுடா. மேகோங் டெல்டாவுக்கு அரைநாள். சைகோனிலிருந்து 70 கிலோமீட்டரில் இருக்கும் மீ தோ வரை போய், தேன் கலந்த தேநீர், கொஞ்சம் நாட்டுப்பாட்டு, கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டு ஒரு படம், திரும்பு.

மற்ற ஊர்க்காரர்களுக்கு அது போதும். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் பிறந்த நமக்குப் போதாது. நாம் அந்த நாட்டில் வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய முதல் புத்தகம் அந்த டெல்டாதான். நகரங்களை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம். அந்த வயல்களை நம்மைப் போல் பார்க்க எல்லோராலும் முடியாது.

சைகோன்

நகரத்தைத் தாண்டித்தான் வயலுக்குப் போக வேண்டும். ஆகவே, முதலில் நகரம்.

மோட்டார் சைக்கிள்களின் ஊர் அது. காந்தி மார்க்கெட் வாசலில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள்கூட முதல் நாள் தெருவைக் கடக்கத் தயங்குவார்கள். விதி ஒன்றுதான். இறங்கிவிட்டால் நிற்கக் கூடாது, ஓடவும் கூடாது. ஒரே சீராக நடந்தால் வண்டிகள் இரண்டு பக்கமும் விலகிப் போய்விடும். நடைபாதை முழுக்கக் குட்டை பிளாஸ்டிக் முக்காலிகள். கண்ணாடி டம்ளரின் மேல் தகர வடிகட்டியை வைத்து, டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். கீழே கெட்டிப் பால், பிறகு ஐஸ். பில்டர் காபி குடித்து வளர்ந்த நமக்கு அந்தக் காத்திருப்பு புதிதல்ல. உலகக் காபி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு. அதில் பெரும்பகுதி ரோபஸ்டா என்பதால் கசப்பு தூக்கலாக இருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1880இல் கட்டி முடித்த செங்கல் தேவாலயமும், 1891இல் முடித்த தலைமைத் தபால் நிலையமும் அருகருகே நிற்கின்றன. கொஞ்ச தூரத்தில் 81 மாடி, 461 மீட்டர் உயரத்தில் 2018இல் எழும்பிய கோபுரம். 2024 டிசம்பரில் முதல் மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. பழசும் புதுசும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நிற்கிற நகரம் என்று சொல்ல ஆசைதான். ஆனால், போரை மறந்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. 1975 ஏப்ரல் 30 அன்று டாங்கி இடித்து நுழைந்த அதிபர் மாளிகையின் வாசலையும், போர் நினைவுகளின் அருங்காட்சியகத்தையும் கட்டாயம் பாருங்கள். ரசாயனம் தெளித்த காடுகளின் படங்களையும், அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் படங்களையும் பார்த்துவிட்டு வெளியே வரும்போது பேச்சு வராது. கூச்சி சுரங்கங்களும் பார்க்க வேண்டியவையே. உயிர் பிழைக்க மனிதர்கள் மண்ணுக்குள் வாழ்ந்த இடம் அது. அங்கே காசு வாங்கிக்கொண்டு சுற்றுலாப் பயணிகளை நிஜத் துப்பாக்கியால் சுடவிடுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த வரிசையில் நம்மவர்கள் நிற்க வேண்டாம் என்பது என் விருப்பம்.

பென் தான் சந்தைக்குப் பக்கத்திலேயே, ட்ருவாங் டின் தெருவில் ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது. சின்ன ராஜகோபுரம், உள்ளே நம் அம்மன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே போன தமிழர்கள் கட்டியது. நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். டெல்டாவின் நெல் விவசாயம் விரிந்தபோது நிலக்காரர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததால், அங்கிருந்து குமாஸ்தாக்களாகவும் காவலர்களாகவும் வரி வசூலிப்பவர்களாகவும் போனவர்கள் பலர். தண்டாயுதபாணிக்கு ஒரு கோவில், சுப்பிரமணியருக்கு ஒரு கோவில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் டாங் டு தெருவில் எழுப்பிய பள்ளிவாசல் என எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. 1975க்குப் பிறகு தமிழர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். மாரியம்மன் மட்டும் தனியாகிவிடவில்லை. இன்று அந்தக் கோவிலில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். ஊதுபத்திக் கட்டை இரண்டு கையாலும் நெற்றிக்கு உயர்த்திக் கும்பிடுகிறார்கள். கருவறையின் பின்சுவரில் நெற்றியை வைத்து, தங்கள் குறையை முணுமுணுக்கிறார்கள். சமயபுரத்தில் பார்க்கிற அதே முகபாவம். நம் தாத்தாக்கள் விட்டுவிட்டு வந்த தெய்வத்தை வேற்று மொழி பேசும் மனிதர்கள் தங்கள் தாயாக எடுத்துக்கொண்டது என்னைப் பொறுத்தவரை சைகோனின் மிகப் பெரிய அதிசயம். சுற்றுலாத் திட்டங்களில் இந்தக் கோவிலுக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

தெற்கே போகும் சாலை

சைகோனிலிருந்து தென்மேற்கே கான் தோ நகரம் சுமார் 170 கிலோமீட்டர். 2023 டிசம்பரில் கடைசித் துண்டு விரைவுச்சாலையும் இரண்டாவது மீ துவான் பாலமும் திறந்துவிட்டதால் மூன்று மணி நேரப் பயணம். கான் தோவின் அட்சரேகை ஏறக்குறைய 10 டிகிரி. நம் காரைக்குடியும் அதே கோட்டில்தான் இருக்கிறது.

பேருந்து ஜன்னலுக்கு வெளியே முதலில் தெரிவது வாழை. பிறகு தென்னை, மா, பலா. அப்புறம் நெல், நெல், நெல். முக்கொம்பிலிருந்து குளித்தலை வரை ஆற்றோரமாகப் போன அனுபவம் உள்ளவர்களுக்கு வெளிநாட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே விட்டுப்போகும். திடீரென்று வயல் நடுவே சிமெண்ட்டில் கட்டிய கல்லறைகள் தெரியும். செத்தவர்களைச் சொந்த நிலத்திலேயே புதைத்து, அவர்களைச் சுற்றியே நாற்று நடுகிறார்கள். வீட்டுக்கு வீடு முன்னோர்களுக்கு ஒரு மேடை. திதியைச் சந்திர மாதக் கணக்கில் பார்த்து, அன்று உறவெல்லாம் கூடிச் சமைத்துப் படைக்கிறார்கள். அம்மா மண்டபத்தில் அமாவாசைத் தர்ப்பணம் செய்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேகோங் திபெத் பீடபூமியில் பிறந்து, சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா வழியாக 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி இங்கே பல கிளைகளாகக் கடலில் சேர்கிறது. வியட்நாமின் நெல்லில் பாதிக்கு மேல் இந்த டெல்டாவில் விளைகிறது. ஏற்றுமதியாகும் அரிசியில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு இங்கிருந்துதான் போகிறது. நமக்குக் குறுவை, சம்பா, தாளடி. அவர்களுக்கும் வருடத்தில் மூன்று போகம். 1966இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 இரண்டு இடத்துக்கும் வந்தது. அங்கே அதற்கு ஹோண்டா நெல் என்று பட்டப்பெயர். ஒரு போகம் விற்றால் ஒரு ஹோண்டா வண்டி வாங்கலாம் என்ற காலம் அது.

ஆனால், போருக்குப் பிறகு அந்த நாடு பட்டினியைப் பார்த்தது. கூட்டுப் பண்ணை முறையில் விளைச்சல் ஏறவில்லை. சோறு போதாமல் வெளியிலிருந்து அரிசி வாங்கினார்கள். 1986இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. 1988இல் நிலத்தை உழும் உரிமை மறுபடியும் குடும்பங்களின் கைக்கு வந்தது. அடுத்த வருடமே, 1989இல், அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக மாறிவிட்டார்கள். 2019இல் சாக் ட்ராங் பகுதியில் உருவாக்கிய எஸ்.டி. 25 என்ற வாசனை அரிசி உலகின் சிறந்த அரிசிக்கான பரிசைப் பெற்றது.

ஒரு வித்தியாசம் மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே அறுவடை இயந்திரம் வயலில் இருக்கும்போதே வாய்க்காலில் வியாபாரியின் படகு காத்து நிற்கிறது. ஈர நெல்லை அப்படியே மூட்டையாக ஏற்றிக்கொண்டு அன்றே ஆலைக்குப் போய்விடுகிறது. காயவைக்கும் வேலை ஆலையுடையது. நம் லால்குடிப் பக்கம் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் மூடி, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும் விவசாயியை நினைத்தால் வயிறு எரிகிறது. அதே சமயம், நமக்கு இருக்கும் ஆதார விலை அவர்களுக்கு இல்லை. உலகச் சந்தையில் விலை சரிந்தால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. ஈரப்பதத்துக்கு அவர்களின் வழியும், விலைக்கு நம் வழியும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கான் தோவில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பதற்குக் காரணம் காய் ராங் மிதக்கும் சந்தை. விடியற்காலை ஐந்து மணிக்குப் படகில் இருக்க வேண்டும். சைகோனிலிருந்து அரைநாள் பயணமாக வருகிறவர்களுக்கு அது கிடைக்காது. ஒவ்வொரு படகிலும் ஒரு நீளமான மூங்கில் கழி நட்டு, அதன் உச்சியில் தாங்கள் விற்கும் பொருளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அன்னாசி விற்கிறவர் அன்னாசி, பூசணி விற்கிறவர் பூசணி. கழியில் தென்னை ஓலை தொங்கினால் படகே விற்பனைக்கு என்று அர்த்தம். குழம்பில் நூடுல்ஸ் போட்டுக் கொடுக்கும் அம்மாவின் சின்னப் படகு பெரிய படகுகளுக்கு நடுவே லாகவமாக நுழைந்து வரும். சாலைகளும் பாலங்களும் வந்த பிறகு வியாபாரம் லாரிக்கு மாறி, படகுகள் வருடா வருடம் குறைந்துவருகின்றன. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

அகத்திப் பூவும் அம்மனும்

ஸ்ரீரங்கத்துக்காரர்களின் முதல் கேள்வி சாப்பாடு. மீனிலிருந்து வடித்த சாறு அங்கே எல்லாவற்றிலும் விழும் என்பது உண்மை. ஆனால், வியட்நாமியப் பௌத்தர்களில் நிறையப் பேர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சைவம்தான் சாப்பிடுகிறார்கள். ஊருக்கு ஊர் சைவக் கடைகள் உண்டு. பலகையில் 'சாய்' என்ற சொல்லைத் தேடுங்கள். டோஃபு, காளான், வாழைப்பூ, அரிசித் தாளில் சுருட்டிய கீரைகள் எல்லாம் கிடைக்கும். பூண்டும் வெங்காயமும் வேண்டாம் என்றால் அதற்கும் அங்கே வழக்கம் இருக்கிறது. கண்டிப்பான பிக்குகள் அவற்றைத் தொடுவதில்லை.

டெல்டா கிராமங்களில் புளிப்புக் குழம்பில் ஒரு வெள்ளைப் பூ மிதக்கும். உற்றுப் பாருங்கள், அது அகத்திப் பூ. துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை தேடி அலையும் நாம் வீட்டுக் கொல்லையில் வளர்க்கும் அதே மரம். வெள்ளக் காலம் வந்தால் கரையெல்லாம் மஞ்சளாகப் பூக்கும் சித்தகத்திப் பூவையும் கூடை கூடையாகப் பறித்துச் சமைக்கிறார்கள். ஆற்றில் வெள்ளம் ஏறுவது ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வரை. நம் ஆடிப்பெருக்கு தொடங்கும் அதே பருவம்.

கான் தோவிலிருந்து வடமேற்கே 120 கிலோமீட்டர் போனால் கம்போடிய எல்லையில் சௌ டோக். வயல்வெளியின் நடுவே தனியாக எழும்பி நிற்கும் சாம் மலை, மலையடிவாரத்தில் ஊர்த்தேவிக்கு ஒரு கோவில். டெல்டாவிலேயே மிகப் பெரிய கூட்டம் கூடும் இடம் இது. சந்திர மாதக் கணக்கில் நான்காம் மாதம் நடக்கும் அந்தத் திருவிழாவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மலை மேலிருந்த சிலையை வலுவான ஆண்கள் எத்தனை பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லையாம். ஒன்பது கன்னிப் பெண்கள் தூக்கியதும் எழுந்து வந்து, அவள் விரும்பிய இடத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். ஸ்ரீரங்கத்திலிருந்து வெளியே தூக்கிச் செல்லப்பட்டு, இனாம் சமயபுரத்தில் இளைப்பாறி, கண்ணனூரில் அமர்ந்தவள் நம் மாரியம்மன் என்று தலபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு உடம்பு சிலிர்க்கும்.

இன்னொன்று கேளுங்கள். அந்தச் சிலை தொடக்கத்தில் பெண் சிலையே அல்ல, ஆறாம் நூற்றாண்டை ஒட்டிய விஷ்ணு வகை ஆண் சிலை என்பது பிரெஞ்சுத் தொல்லியலாளர் லூயி மல்லரே 1940களில் சொன்ன கருத்து. பட்டும் கிரீடமும் சாத்தி அவளைத் தேவியாகவே கொண்டாடுகிறார்கள். பக்கத்திலேயே அதே மல்லரே 1944இல் அகழ்ந்த ஓக் இயோ துறைமுகம். அங்கே ரோமப் பேரரசர் அன்டோனினஸ் பயஸின் உருவம் பதித்த தங்கப் பதக்கம் கிடைத்தது. நம் உறையூர்ச் சோழர்கள் மேற்கே யவனரோடு வியாபாரம் செய்த அதே காலகட்டத்தில், நேர் கிழக்கே இருந்த இந்தத் துறைமுகமும் அதே கடல்வழியின் ஒரு முனையாக இருந்திருக்கிறது. திருச்சி விமானம் புதிய வழி எதையும் கண்டுபிடிக்கவில்லை.

சௌ டோக்கில் தொடங்கி மேற்குக் கடல் வரை 87 கிலோமீட்டர் ஓடும் வின் தே கால்வாயையும் பாருங்கள். 1819 முதல் 1824 வரை ஆயிரக்கணக்கானவர்கள் கையால் வெட்டியது. இன்றைக்கும் உப்பைக் கழுவி, வெள்ளத்தை வடித்து, படகுகளைச் சுமக்கிறது. நம் உய்யக்கொண்டான் வாய்க்கால் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. திருச்சி நகருக்குள் அதில் சாக்கடை கலப்பதை வேடிக்கை பார்க்கிறோம்.

ஒரே நோய், இரண்டு ஆறு

அந்த டெல்டா ஆபத்தில் இருக்கிறது. இதையும் பார்த்துவிட்டு வர வேண்டும். கடல்மட்டத்திலிருந்து அதன் சராசரி உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. மேலே சீனாவிலும் லாவோஸிலும் அணைகள் எழும்பிய பிறகு வண்டல் வருவது குறைந்துவிட்டது. கட்டடங்களுக்காக ஆற்று மணலை அள்ளி அள்ளி ஆறு ஆழமாகிவிட்டது. கரைகள் சரிகின்றன. 2017 ஏப்ரலில் அன் ஜியாங் மாகாணத்தில் ஒரே நாளில் பத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஆற்றுக்குள் போயின. 2016லும் 2020லும் கோடையில் உப்புநீர் சில கிளைகள் வழியாக 90 கிலோமீட்டர் வரை உள்ளே ஏறி, நெல்லும் பழத்தோட்டங்களும் கருகின.

2018 ஆகஸ்டில் நம் கொள்ளிடத்தில் என்ன நடந்தது? 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சாய்ந்தன. அடுத்த சில நாட்களில், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய முக்கொம்புக் கதவணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. மணல் அள்ளியதால் ஆற்றுப் படுகை இறங்கியதையே அப்போது விவசாயிகள் காரணமாகச் சொன்னார்கள். நாகப்பட்டினம் பக்கம் உப்பு ஏறுவதைப் பற்றிக் கடைமடைக்காரர்கள் பல வருடமாகப் பேசுகிறார்கள்.

மேலே இருப்பவன் தண்ணீர் விடுவானா என்ற கவலையும் பொதுவானது. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12இல் திறக்க வேண்டும். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆனாலும், நமக்கு நடுவர் மன்றம் இருந்தது, 2018 பிப்ரவரியில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, கேட்க ஓர் ஆணையம் இருக்கிறது. மேகோங்கிற்கு 1995இல் நான்கு நாடுகள் சேர்ந்து அமைத்த ஆணையத்தில் சீனா உறுப்பினரே அல்ல. அவர்கள் யாரிடம் முறையிடுவது?

ஆனால், அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. உப்பு ஏறும் மாதங்களில் வயலில் இறால், மழை வந்ததும் அதே வயலில் நெல் என்று மாற்றிக்கொண்ட கிராமங்கள் இருக்கின்றன. தேவைப்படும்போது உப்புநீரைத் தடுத்து, தேவைப்படும்போது உள்ளே விடும் பெரிய மதகுகளைக் காய் லோன், காய் பே ஆறுகளில் கட்டி 2022இல் திறந்தார்கள். 2030க்குள் பத்து லட்சம் ஹெக்டேரில் தண்ணீரையும் உரத்தையும் விதையையும் குறைத்து நெல் விளைவிக்கும் திட்டத்தை 2023இல் அறிவித்திருக்கிறார்கள். சைகோனுக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் கான் ஜோ அலையாத்திக் காட்டைப் போர்க்காலத்தில் ரசாயனம் தெளித்து அழித்தார்கள். 1978 முதல் கையால் கன்று நட்டு மீட்டிருக்கிறார்கள். 2000இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. ஸ்ரீரங்கத்தைத் தொட்டுப் போகும் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கு அருகில் பிச்சாவரம் இருக்கிறதே, அதைப் போன்ற காடு. ஆனால், மனிதர்கள் மறுபடி நட்ட வரலாறு அதற்குப் பின்னால் உண்டு.

வடக்கே போகிறவர்களுக்கு

நாள் இருந்தால் நடுவியட்நாமில் மீ சன் பாருங்கள். சம்பா மன்னர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து சிவனுக்குக் கட்டிய செங்கல் கோவில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிக அழகான கோபுரம் போய்விட்டது. நம் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு செய்தபோது, 2020இல் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல் லிங்கம் ஒன்று வெளிப்பட்டது. ஹனோய் வேறு உலகம். ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது. நின் பின்னில் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே காலால் துடுப்புப் போடும் பெண்களின் படகில் போவது ஹா லாங்கைவிட எனக்குப் பிடித்தது. கூட்டம் குறைவு, வயல்கள் பக்கத்தில்.

டெல்டாவுக்கு நல்ல காலம் எது என்றால், வெயில் தாங்காதவர்களுக்கு டிசம்பர், ஜனவரி. ஆற்றை ஆறாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் செப்டம்பர், அக்டோபர். புத்தாண்டான டெட் பண்டிகை வாரத்தில் கடைகள் மூடிவிடும், பேருந்தில் இடம் கிடைக்காது. அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் சுற்றுலா நிறுவனத்திடம் பயணத் திட்டத்தைக் கேட்டு வாங்கும்போது, கான் தோவில் இரண்டு இரவு, சௌ டோக்கில் ஓர் இரவு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். தங்கப் பாலத்தை வேண்டுமானால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒரு விவசாயி இருந்தால் அவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வயலோரம் வண்டியை நிறுத்தி, அவருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.